வேர்க்கா, ஜொப்பா, வோக்கா? ஐஎல்ட்ஸ் பேச்சுப் பரீட்சையில் வேலையும் படிப்பும்

"வேலை செய்றீங்களா, படிக்கிறீங்களா?" ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பரீட்சையில் பெயரும் அடையாளமும் சரிபார்த்த கையோடு பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். இல்லாவிட்டால் ஊர், வீடு பற்றிக் கேட்பார்கள். கேள்வி லேசானது, பதிலும் நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தமிழில் 'வேலை' ஒரே சொல், 'படிப்பு' ஒரே சொல். ஆங்கிலத்தில் இரண்டும் நாலைந்து துண்டாக உடைகின்றன. போதாததற்கு, பதவிப் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. வேலையின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒரு விடயம் முதலிலேயே. ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பேச்சுக்கு அது வசதிதான், ஆனால் தமிழ் எழுத்து சில ஒலிகளை ஒளித்துவிடும். 'ஃ' போட்ட இடத்தில் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். சந்தேகமான சொல்லை போன் அகராதியில் ஒரு தடவை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள்.

பரீட்சை ஓடும் விதம்

மொத்தம் 11 முதல் 14 நிமிடம். ஒரு பரீட்சகர், நீங்கள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம், உங்களைப் பற்றிய சிறு கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். 1 நிமிடம் யோசித்து, 1 முதல் 2 நிமிடம் தனியாகப் பேச வேண்டும். மூன்றாம் பகுதி மறுபடி 4 முதல் 5 நிமிடம், அட்டையின் தலைப்பை ஒட்டிய பொதுவான கலந்துரையாடல். வேலையும் படிப்பும் மூன்று பகுதிகளிலும் தலைகாட்டும்.

புள்ளி நான்கு விடயங்களுக்குச் சம பங்காகப் போகிறது: தடங்காமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இந்த நான்கில் 'என்ன உத்தியோகம்' என்பது இல்லை. கொழுந்து பறிப்பவருக்கும் வங்கி முகாமையாளருக்கும் ஒரே தராசுதான். பொய் சொன்னாலும் புள்ளி வெட்டப்போவதில்லை. ஆனால் பொய்க்கு அடுத்த கேள்வி வரும். பேங்கில் வேலை என்று சொன்னவரிடம் காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், தெரியாததைத் தேடி நாக்கு நிற்கும். அப்படி நிற்பதால்தான் புள்ளி குறையும். தெரிந்த வேலையைச் சொல்வது நேர்மைக்காக மட்டுமல்ல, லாபத்துக்காகவும்தான்.

முதல் கேள்விக்கு விடை

"வட் டு யூ டூ?" என்று கேட்டால் 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்றோ 'பொழுதுபோக்கு என்ன' என்றோ அர்த்தமில்லை. உங்கள் தொழில் என்ன என்பதுதான் கேள்வி. பாடசாலையில் நாம் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் எழுத்திலேயே சந்தித்ததால் இந்தச் சின்னப் பொறி பலருக்குத் தெரியாமலே போகிறது.

விடை இரண்டு முதல் நான்கு வாக்கியம். சுமார் 15 முதல் 20 விநாடி. ஒரே வாக்கியத்தில் நிறுத்தினால் பரீட்சகருக்கு எடைபோட ஒன்றும் இருக்காது. அதேபோல ஒரு நிமிடம் இழுத்தால் இடைமறித்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளரின் விடையை எடுத்துக்கொள்வோம்.

"ஐ ஆம் வேர்க்கிங் இன் டீ ஃபேக்டரி. மை வேர்க் இஸ் வெரி குட். ஐ லைக் மை வேர்க் வெரி மச்."

மூன்று வாக்கியம் இருக்கிறது, செய்தி ஒன்றும் இல்லை. 'டீ ஃபேக்டரி'க்கு முன் 'எ' விழுந்துவிட்டது. 'வேர்க்' மூன்று தடவை. 'வெரி' இரண்டு தடவை. இதைப் பிரித்துக் கட்டினால்:

"ஐ வேர்க் இன் எ டீ ஃபேக்டரி நியர் தலவாக்கலை. ஐம் ஆன் த நைட் ஷிஃப்ட் திஸ் மந்த், ஸோ மை மெயின் டியூட்டி இஸ் செக்கிங் வெதர் த லீஃப் ஹாஸ் விதர்ட் இனஃப் பிஃபோர் வீ ஸ்டார்ட் ரோலிங். இட்ஸ் டயரிங், பட் ஐ லவ் த ஸ்மெல் ஆஃப் த பிளேஸ் அட் ஃபோர் இன் த மோர்னிங்."

என்ன மாறியது என்று பாருங்கள். நிரந்தரமான வேலைக்கு "ஐ வேர்க்". இந்த மாதம் மட்டும் என்பதற்கு "திஸ் மந்த்" என்று காலக்குறிப்பு. வாட்டல் சரியாக வந்துவிட்டதா என்று பார்ப்பது கையால் செய்யும் ஒரு காரியம், அது 'விதர்' என்ற வினையைத் தானாகவே கொண்டுவந்துவிட்டது. கடைசியில் ஒரு 'பட்'. அது வந்தால் வாக்கியம் இரண்டு பக்கமும் பார்க்கிறது, மனப்பாட வாடையும் போகிறது. நேரடி விடை, கையால் செய்யும் ஒரு காரியம், ஒரு 'ஆனால்'. எந்த வேலைக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

இந்தக் கேள்விக்குத் தேவையில்லாத ஒன்று உண்டு: ஊரின் அழகு. "ஐம் ஃப்ரொம் நுவரெலியா, விச் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் பிளேஸ்" என்று தொடங்கி டெவோன், சென் கிளையர் என்று நீர்வீழ்ச்சிகளை அடுக்குகிறவர்கள் நிறைய. கேட்டது தொழில். மனப்பாடம் செய்த பகுதி வரும்போது வேகமும் தொனியும் மாறும். அதைக் கண்டுபிடிப்பது பரீட்சகருக்குப் பயிற்சியோடு வந்த வேலை.

வேலையும் இல்லை, படிப்பும் இல்லை என்றால்? உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் இந்த இடத்தில் திணறி "நோ" என்று மட்டும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியது: "நீதர் அட் த மோமண்ட். ஐவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட் மை ஏ லெவல்ஸ் அண்ட் ஐம் வெயிட்டிங் ஃபோர் த ரிஸல்ட்ஸ், ஸோ ஐம் ஹெல்ப்பிங் அட் மை அங்கிள்ஸ் ஷொப் இன் ஹட்டன்." வீட்டைப் பார்த்துக்கொள்பவர் "ஐ லுக் ஆஃப்டர் மை ஹோம் அண்ட் டூ சில்ட்ரன்" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். "ஒன்லி ஹவுஸ்வைஃப்" என்று குறுக வேண்டியதில்லை.

'வேலை' உடையும் இடங்கள்

'ஜொப்' எண்ணக்கூடியது: எ ஜொப், டூ ஜொப்ஸ். 'வேர்க்' எண்ண முடியாதது. "எனக்கு நிறைய வேலைகள் இருக்கு" என்று மனதில் ஓடுவதால் "ஐ ஹாவ் மெனி வேர்க்ஸ்" என்று வாயில் வந்துவிடுகிறது. அது தவறு. "ஐ ஹாவ் எ லொட் ஆஃப் வேர்க்" என்பதே சரி. 'ஹோம்வேர்க்ஸ்' என்பதும் இதே கோளாறு. வேலையின் ஒரு துண்டு 'டாஸ்க்'. பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டது 'டியூட்டி'. வாழ்நாள் முழுக்க நீளும் பாதை 'கரியர்'. இந்த ஐந்தையும் ஒரே விடையில் திணிக்க வேண்டாம். இரண்டு, இடம்பார்த்து வந்தால் போதும்.

பின்னொட்டு ஒன்றே ஒன்று வைத்து நாம் சமாளிப்பதை ஆங்கிலம் தனித்தனிச் சொற்களால் செய்கிறது. பதவி என்றால் 'அஸ்': வேர்க் அஸ் எ நர்ஸ். கம்பனி என்றால் 'ஃபோர்'. கட்டடம் அல்லது துறை என்றால் 'இன்': இன் எ ஃபேக்டரி, இன் பேங்கிங். தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் 'ஒன்' போடுவது வழக்கம்: "ஹீ வேர்க்ஸ் ஒன் எ டீ எஸ்டேட்." 'இன்' என்று சொன்னால் குடி முழுகாது, 'ஒன்' சொன்னால் காது இனிக்கும்.

காலம் தவறுவதுதான் அடிக்கடி நடப்பது. "அஞ்சு வருஷமா இங்க வேலை செய்றேன்" என்பதில் தமிழ் நிகழ்காலம். அதை அப்படியே தூக்கிவைத்தால் "ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்". இதில் பிழை இரண்டு. நேற்றுத் தொடங்கி இன்றும் நடப்பதற்கு "ஐவ் பீன் வேர்க்கிங்". எவ்வளவு காலம் என்றால் 'ஃபோர்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்': ஃபோர் ஃபைவ் இயர்ஸ், சின்ஸ் 2019. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் சொந்தக் கணக்கோடு நூறு தடவை சொல்லி வாயில் ஏற்றிவையுங்கள். மனப்பாடம் செய்ய அனுமதி தரக்கூடிய ஒரே வாக்கியம் இதுதான், ஏனென்றால் எப்படியும் இது தேவைப்படும்.

'தான்' என்ற சொல்லும் கூடவே வந்து ஒட்டும். "ஹட்டன்ல தான் வேலை" என்பது "ஐ வேர்க் இன் ஹட்டன் ஒன்லி" ஆகிவிடும். கேட்பவருக்கு, வேறெங்கும் வேலை செய்ய மறுக்கிறீர்கள் போல இருக்கும். 'ஒன்லி'யை வெட்டிவிடுங்கள், அதற்கு ஈடாக எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'சேர்', 'மெடம்' போடுவதற்கும் புள்ளி குறையாது, ஆனால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும். உள்ளே போகும்போது ஒரு 'குட் மோர்னிங்' போதும்.

தோட்டத்துச் சொற்களை எப்படிக் கொண்டுபோவது

மலையகத்தில் பிறந்தவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கையிருப்பு இருக்கிறது: தேயிலைத் தொழிலின் சொற்கள். அதை நேரே மொழிபெயர்த்தால் வம்பு. "அம்மா மலைக்கு வேலைக்குப் போறாங்க" என்பதை "மை மதர் கோஸ் டு த மவுண்டன் ஃபோர் வேர்க்" என்றால் அம்மா மலையேறும் வீராங்கனை ஆகிவிடுவார். நம் பேச்சில் 'மலை' என்பது கொழுந்து எடுக்கும் இடம், ஆங்கிலத்தில் அது 'ஃபீல்ட்'. 'தோட்டம்' என்றதும் 'கார்டன்' என்று சொன்னால் அப்பா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவராகக் கேட்கும். 'டீ எஸ்டேட்' என்றே சொல்லுங்கள், 'டீ'யை விடாமல். வெறும் 'எஸ்டேட்' என்றால் பிரித்தானியர் காதில் வீட்டுத் திட்டமாகவும் விழும்.

காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் தேய்ந்து வந்தது என்பார்கள். ஆனால் திருப்பி 'பரேட்' என்று கொடுத்தால் இராணுவ அணிவகுப்பாகிவிடும். தோட்ட ஆங்கிலத்தில் அது 'மஸ்டர்'. அந்தச் சொல் பரீட்சகருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்று தோன்றினால் "த மோர்னிங் மீட்டிங் வென் த டேஸ் வேர்க் இஸ் கிவன் அவுட்" என்று விரித்துவிடுங்கள். கவ்வாத்து 'ப்ரூனிங்'. லயம் 'லைன் ரூம்ஸ்'. அதையும் "எ லோங் ரோ ஆஃப் ஸ்மோல் ஹவுஸஸ் அண்டர் வன் ரூஃப்" என்று ஒரு தொடரால் தொட்டுக்காட்டினால் நல்லது. ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' போடுவதும் அரைநாள் சம்பளமான 'அரைப்பேரு'ம் ஒற்றைச் சொல்லில் அடங்காது: "இஃப் யூ டோன்ட் ப்ளக் இனஃப் கிலோஸ், யூ ஆர் பெயிட் ஃபோர் ஒன்லி ஹாஃப் எ டே." இங்கே 'ஒன்லி' சரியான இடத்தில் நிற்பதையும் கவனியுங்கள்.

இப்படிச் சொல் தெரியாத இடத்தில் சுற்றிவந்து விளக்குவது இட்டுக்கட்டுவது அல்ல. சொல்வளத்துக்குப் புள்ளி போடும்போது பரீட்சகர் தேடும் திறன்களில் அதுவும் ஒன்று. கங்காணி என்று தமிழில் சொல்லிவிட்டு, "தட்ஸ் த பெர்சன் ஹூ சூப்பர்வைஸஸ் த ப்ளக்கர்ஸ்" என்று ஒரே மூச்சில் சேர்த்தால் போதும். கங்காணிக்கு ஆங்கிலம் தேடி ஐந்து விநாடி மௌனமாக இருப்பதுதான் நட்டம்.

தொழிற்சாலை வேலை செயப்பாட்டுவினைக்கு வைத்ததுபோல அமைந்தது. "த லீவ்ஸ் ஆர் விதர்ட் ஓவர்நைட், ரோல்ட், லெஃப்ட் டு ஒக்ஸிடைஸ், ட்ரைட் அண்ட் ஸோர்ட்டட் இன்டு கிரேட்ஸ்." ஐந்து வினைகள் ஒரே 'ஆர்'-இல் தொங்குகின்றன. இதைத் தடங்காமல் சொல்ல முடிந்தவர் இலக்கண வீச்சைக் காட்டிவிட்டார். கணக்கு ஒன்றும் சேர்க்கலாம்: ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை வருகிறது. "இட் டேக்ஸ் அபவுட் ஃபோர் அண்ட் எ ஹாஃப் கிலோஸ் ஆஃப் ஃப்ரெஷ் லீஃப் டு மேக் வன் கிலோ ஆஃப் டீ." இப்படி ஒரு விபரம் வந்தால் பேச்சு உங்களுடையது என்று தெரியும்.

'ஸ்டாஃப்' என்ற சொல் நம் தோட்டங்களில் ஒரு ஆளையே குறிக்கும். "மை ஃபாதர் இஸ் எ ஸ்டாஃப்" என்றால் ஆங்கிலத்தில் அப்பா ஒரு தடியாகிவிடுவார். "ஹீஸ் எ மெம்பர் ஒஃப் ஸ்டாஃப்" அல்லது நேராக "ஹீஸ் எ ஃபீல்ட் ஒஃபிசர்".

'படிப்பு' உடையும் இடங்கள்

புத்தகம் படிப்பது 'ரீட்'. பாடம் படிப்பது 'ஸ்டடி'. தையலோ கணினியோ கைவசமாக்குவது 'லேர்ன்'. "ஐ ஆம் ரீடிங் ஏ லெவல்" என்று வருவது 'படிக்கிறேன்' மூன்றையும் ஒரே பைக்குள் போட்டுவைத்திருப்பதால். "ஐம் டூயிங் மை ஏ லெவல்ஸ் இன் த ஆர்ட்ஸ் ஸ்ட்ரீம்" என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ரீம் என்றால் என்ன என்று ஒரு தொடர் சேருங்கள்: "தட் மீன்ஸ் ஐ ஸ்டடி தமிழ், ஜியோகிரஃபி அண்ட் பொலிட்டிகல் சயன்ஸ்." கற்பித்தது 'டோட்', கற்றது 'லேர்ன்ட்'. "மை டீச்சர் லேர்ன்ட் மீ" என்று வந்தால் பரீட்சகர் குறித்துக்கொள்வார்.

இலங்கை ஆங்கிலத்தில் நமக்குப் பழகிப்போன சில சொற்கள் கடல் கடந்தால் வேறு பொருள் எடுக்கும். 'கெம்பஸ்' நமக்குப் பல்கலைக்கழகமே, ஆங்கிலத்தில் அது வளவு மட்டும். "ஐ கோ டு கெம்பஸ்" என்பதை விட்டு "ஐம் அட் த யூனிவர்சிட்டி ஒஃப் பேராதனிய" என்றால் தெளிவு. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2022" என்றால் 2022-இல் மயங்கி விழுந்தேன் என்றும் பொருள், ஆகவே 'கிரேஜுவேட்டட்'. 'டியூஷன்' அமெரிக்கக் காதுக்குக் கல்விக் கட்டணம். 'ப்ரைவட் கிளாஸஸ்' என்றால் எல்லோருக்கும் புரியும். கோர்ஸை 'ஃபொலோ' பண்ணுவது நம் ஊர் வழக்கம், வெளியே அதை 'டூ' அல்லது 'டேக்'.

பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுபவர் தான் மாணவரா, வேலைக்காரரா என்று குழம்பத் தேவையில்லை. "ஐம் ட்ரெய்னிங் டு பி எ ப்ரைமரி ஸ்கூல் டீச்சர்" என்பது இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்காரும். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவராக இருந்தாலும், தொழிற்பயிற்சி நிலையத்தில் என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்குப் படிப்பவராக இருந்தாலும், சுருக்கெழுத்தை விட்டுவிட்டு என்ன கற்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பரீட்சகருக்கு என்விகியூ-4 முக்கியமில்லை. மோட்டரின் கம்பிச்சுருளை எப்படிச் சுற்றுவது என்று கற்கிறேன் என்பது முக்கியம்.

ஏன் இந்தப் பாடத்தைத் தெரிவு செய்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "பிகோஸ் இட் இஸ் வெரி இன்ட்ரெஸ்டிங்" என்ற விடை ஆயிரம் பேர் சொன்னது. உண்மையான காரணம் எப்போதும் சின்னதாக இருக்கும்: பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, அண்ணனின் பழைய குறிப்புக்கொப்பிகள் வீட்டில் இருந்தன, வர்த்தகத்துக்கு மட்டும்தான் ஆசிரியர் இருந்தார். "டு பி ஒனஸ்ட், மை ஸ்கூல் டிடின்ட் ஹாவ் எ சயன்ஸ் ஸ்ட்ரீம், ஸோ இட் வொஸ் கொமர்ஸ் ஓர் ஆர்ட்ஸ்." இதைவிட இயல்பான விடை கிடைக்காது.

காதில் தவறும் சொற்கள்

இந்தத் தலைப்பில் பிழைக்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆனால் அவைதான் திரும்பத் திரும்ப வரும். முதலாவது 'வேர்க்'. நாம் உதட்டைக் குவித்து 'வொர்க்' என்று சொன்னால் அது 'வோக்', அதாவது நடை, போலக் கேட்கும். "ஐ வோக் இன் எ ஃபேக்டரி" என்றால் தொழிற்சாலைக்குள் உலாத்துகிறீர்கள். சொல்லின் தொடக்கத்தில் மட்டும் உதடு குவியட்டும். உடனே விட்டுவிட்டு, நாக்கை வாயின் நடுவில் சும்மா வைத்து நீட்டுங்கள்.

'கரியர்' என்றால் வாழ்க்கைத் தொழில், அழுத்தம் பின்பாதியில்: க-ரீ-யர். முன்பாதியை அழுத்தினால் சோறு கொண்டுபோகும் கேரியர். 'கொலீக்' உடன் வேலை செய்பவர், 'கொலிஜ்' கல்லூரி. கடைசி எழுத்தைத் தின்றுவிட்டால் இரண்டும் ஒன்று. 'ஸ்கூல்', 'ஸ்டூடன்ட்', 'ஸ்டடி' மூன்றுக்கும் முன்னால் ஒரு 'இ' ஒட்டிக்கொள்ளும். "இஸ்கூல்" என்று வந்தால், முதலில் பாம்புபோல 'ஸ்ஸ்' என்று நீட்டி, அதே மூச்சில் 'கூல்' போடுங்கள், ஒரு வாரத்தில் போய்விடும். சொல் முடிவில் 'உ' ஒட்டுவது இன்னொன்று: ஜொப்பு, வேர்க்கு, கிளாஸு. உதட்டை மூடி அப்படியே வைத்திருந்தால் 'ஜொப்' அங்கேயே நிற்கும். 'எகொனொமிக்ஸ்' என்பதில் அழுத்தம் 'நொ'வில்.

உங்கள் தமிழ் வாடைக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். புரிகிறதா என்பதுதான் கணக்கு. பிபிசி செய்தி வாசிப்பவரைப் போல நடிக்கப் போய்ப் பேச்சு வேகம் கெட்டவர்கள் உண்டு.

அட்டை வரும்போது

இரண்டாம் பகுதியில் 'உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் சுவையான வேலை' என்ற மாதிரி அட்டை வரலாம். டொக்டரையும் விமானியையும் தேடாமல் அம்மாவையோ அயலில் உள்ள ஒருவரையோ எடுங்கள். தரும் தாளில் ஒரு நிமிடத்துக்குள் முழு வாக்கியம் எழுத முடியாது, எழுதவும் கூடாது. எட்டுப் பத்துக் குறிப்பு போதும், ஆங்கிலத்திலேயே. தமிழில் குறித்தால் பேசும்போது மொழிபெயர்ப்பு ஓடும்:

மதர், ப்ளக்கர் / ஸ்டார்ட்டட் அட் 19 / மஸ்டர், 7.30 / டூ லீவ்ஸ் அண்ட் எ பட் / வெய்ட் / ரெயின், லீச்சஸ் / ஹான்ட்ஸ் / இஃப்

இந்தத் தாளில் மூன்று காலமும் இருக்கிறது. தொடங்கிய கதை இறந்தகாலம், அன்றாட வேலை நிகழ்காலம், கடைசி 'இஃப்' கற்பனை: "இஃப் ஐ ஹாட் டு டூ இட் ஃபோர் வன் டே, ஐ வுட்ன்ட் லாஸ்ட் டில் லஞ்ச்." மழைநாளில் இரத்தம் உறிஞ்சும் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வார்கள் என்பதை "சம் விமன் ரப் சோப் ஒன் தெயர் லெக்ஸ் டு கீப் த லீச்சஸ் அவே" என்று சொன்னால் பரீட்சகர் நிமிர்ந்து பார்ப்பார். சாதாரண வேகத்தில் இரண்டு நிமிடத்துக்கு 240 சொல் அளவில் ஓடும். இரண்டு நிமிடம் ஆனதும் அவர் நிறுத்துவார், அதில் கெட்ட அர்த்தம் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன் நீங்களே நின்றால்தான் சிக்கல். அப்படி வற்றிவிட்டால் தாளில் பின்னுக்குப் போய் ஒரு சொல்லை எடுத்து, "கமிங் பேக் டு ஹர் ஹான்ட்ஸ்" என்று மறுபடி திறக்கலாம்.

மூன்றாம் பகுதி

இங்கே 'நான்' குறைந்து 'நாம்', 'மக்கள்' கூட வேண்டும். இளைஞர்கள் வீட்டுக்கு அருகில் வேலை தேடுவது நல்லதா என்று கேட்டால், "மை பிரதர் வென்ட் டு கொழும்பு" என்று கதையில் இறங்கக்கூடாது. முதலில் பொதுவாக ஒரு கூற்று: "யங் பீப்பிள் இன் த ஹில் கன்ட்ரி டென்ட் டு மூவ் டு கொழும்பு ஃபோர் ஷொப் ஜொப்ஸ்." பிறகு காரணம், பிறகு எதிர்ப்பக்கம். அண்ணன் வந்தால் உதாரணமாக ஒரே வாக்கியத்தில் வந்துபோகட்டும். "டென்ட் டு", "இன் ஜெனரல்", "இட் டிப்பென்ட்ஸ் ஒன்" ஆகிய மூன்றும் இங்கே கைகொடுக்கும்.

பல்கலைக்கழக வாய்ப்பு எல்லோருக்கும் சமமா என்ற மாதிரி கேள்வி வந்தால் மலையகத்தவர் கையில் உறுதியான பொருள் உண்டு. இலங்கையில் பல பாடநெறிகளுக்கு அனுமதி 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. "சம் பிளேஸஸ் ஆர் ரிசர்வ்ட் ஃபோர் டிஸ்ட்ரிக்ட்ஸ் லைக் மைன்" என்று தொடங்கி, அது நியாயமா இல்லையா என்று எந்தப் பக்கமும் பேசலாம். உங்கள் கருத்துக்குப் புள்ளி இல்லை, அதை நிறுத்திக்காட்டும் விதத்துக்குத்தான். சம்பளம், சங்கம் பற்றிக் கோபமாகப் பேசினாலும் ஒன்றும் குறையாது.

கேள்வி விளங்காவிட்டால் "ஸொரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்று கேட்கலாம். முதல் பகுதியில் பரீட்சகர் கேள்வியைத் திரும்பச் சொல்வார், விளக்கமாட்டார். மூன்றாம் பகுதியில் வேறு சொற்களில் மாற்றியும் கேட்பார். விளங்காமலே தலையாட்டிவிட்டு வேறெதையோ பேசுவதுதான் ஆகாது.

பழகும் முறை

போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, வேலை அல்லது படிப்பு பற்றிப் பத்துக் கேள்விகளைக் கூட இருப்பவர் கேட்கட்டும். என்ன வேலை, ஏன் அது, ஒரு நாள் எப்படிப் போகும், யாரோடு செய்கிறீர்கள், எது பிடிக்காது, மாற்றுவீர்களா, அந்த வரிசையில் மனதில் பட்டதெல்லாம் கேட்கலாம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாவிட்டால் கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கி எடுத்தாலும் சரி. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

பிறகு கேட்பதுதான் உண்மையான வேலை, பலர் இதைச் செய்வதில்லை. முதல் தடவை வேறெதையும் கவனிக்காமல் 'எ', 'த' விழுந்த இடங்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் தடவை 'வேர்க்' எத்தனை என்று எண்ணுங்கள், ஒரே விடையில் இரண்டைத் தாண்டினால் ஒன்றை 'ஜொப்' ஆக்குங்கள். மூன்றாம் தடவை மௌனங்களை எண்ணுங்கள். எந்த மௌனத்துக்கு முன் எந்தத் தமிழ்ச் சொல் உங்கள் மனதில் வந்து நின்றது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். பெரும்பாலும் அது 'கவ்வாத்து', 'பேர்', 'வகுப்பாசிரியர்', 'கொமிஷன்' மாதிரி உங்கள் நாளாந்தத்தில் உள்ள ஏதாவதாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு ஆங்கிலத் தொடர் கட்டி, அடுத்த நாள் ஒலிப்பதிவில் அதை வரவழையுங்கள். இரண்டு வாரத்தில் கொப்பியில் இருபது முப்பது சொல் சேரும். பரீட்சைக்குக் கொழும்புக்கு ரயிலில் இறங்கும்போது அந்தக் கொப்பியை மட்டும் எடுத்துப் போங்கள், வழிகாட்டிப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும். பேச்சுப் பரீட்சை எழுத்துப் பரீட்சை நாளிலேயே வரலாம், அதற்கு ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வேறொரு நாளிலும் வைக்கலாம். திகதியைச் சரிபார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.